அம்மி நகரும் கணக்கு

ஒரு பீரோவை இந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. தூரம் நாலு மீட்டர். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் கட்டில்மேல் குவித்த பிறகும் பீரோ கிட்டத்தட்ட 90 கிலோ இருக்கும். நான் ஒரு பக்கம் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தினேன், என் கால்தான் பின்னால் வழுக்கிப் போனது. தம்பி வந்து மேல்பக்கமாகக் கை வைத்துத் தள்ளினான், பீரோ நகராமல் பின்பக்கக் கால்கள் மட்டும் தரையைவிட்டு எழுந்தன. "அண்ணா, சாஞ்சுடும் போலிருக்கு, விட்டுடு" என்றான். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "பீரோகிட்ட எதுக்குடா மல்லுக்கு நிக்கிறீங்க? கீழ என்ன இருக்குன்னு பாருங்க."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சில வாரங்கள் ஓடின. பாரமான ஒன்றை இழுக்கும்போது நமக்குத் தோன்றுவது, "எடை அதிகம், அதனால் நகரவில்லை" என்பது. பாதிதான் உண்மை. தூக்குகிறவன்தான் எடையோடு மோதுகிறான், முழு 90 கிலோவும் அவன் கையில் ஏறுகிறது. இழுக்கிறவன் மோதுவது தரையோடு. தரைக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் உராய்வு எவ்வளவோ, அவ்வளவுதான் அவன் தர வேண்டிய விசை. அது எடையில் பாதியாக இருக்கலாம், பத்தில் ஒரு பங்காக இருக்கலாம், ஆயிரத்தில் இரண்டு பங்காகக்கூட இருக்கலாம். எடை மாறவே இல்லை, ஆனாலும் வேலை இருநூறு மடங்குக்கு மேல் குறைகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது, இப்போதும் படுகிறது.

பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது, 50 கிலோ வரை காட்டும். பீரோவின் அடிப்பாகத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தராசின் கொக்கியில் மாட்டி, தம்பியை மெதுவாக இழுக்கச் சொல்லிவிட்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (விசையை நியூட்டனில்தான் சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் கை உணர்வது கிலோவில்தான், அதனால் இந்தக் கட்டுரை முழுக்க கிலோ என்றே எழுதுகிறேன்.) 10, 20, 30, பீரோ சிலை மாதிரி நிற்கிறது. 35. 38. நாற்பதைத் தொட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம், பீரோ நகர்ந்தது, அந்த நொடியே எண் 31-க்கு இறங்கிவிட்டது. அப்புறம் நகரும் வரைக்கும் 30, 31 என்றே நின்றது.

இந்த 'டக்' இருக்கிறதே, இதில்தான் எல்லாமே இருக்கிறது. 10 கிலோ விசையில் இழுத்தபோது தரையும் 10 கிலோ விசையில் எதிர்த்தது. 30 ஆனதும் அதுவும் 30 ஆனது. நாம் கொடுக்கிற அளவுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்து, ஓர் எல்லை வந்ததும் கைவிட்டுவிடுகிறது. அந்த எல்லைக்குக் கீழே நாள் முழுக்க இழுத்தாலும் ஒரு மயிரிழைகூட நகராது. எல்லையைத் தாண்டி நகர ஆரம்பித்துவிட்டால், அதற்கப்புறம் தேவைப்படும் விசை குறைவு. பாடப் புத்தகத்தில் ஓய்வுநிலை உராய்வு, இயக்க உராய்வு என்று இரண்டு பெயர் படித்திருப்போம். அதனால்தான் நகர ஆரம்பித்த பாரத்தை நடுவழியில் நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்க ஒவ்வொரு முழத்துக்கும் நிறுத்தினால், ஒவ்வொரு முறையும் அந்த 40 கிலோவைப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

பலபேர் சேர்ந்து இழுக்கும்போது ஒருத்தர் குரல் கொடுத்து மற்றவர்கள் 'ஐலசா' போடுவதன் காரணமும் இதுதான். 100 கிலோ விசை கேட்கும் ஒரு பாரத்தை நாலு பேர் தலைக்கு 30 கிலோ விசை போட்டு இழுக்கிறார்கள் என்று வையுங்கள். நாலு பேரும் ஒரே நொடியில் இழுத்தால் 120, பாரம் நகர்ந்துவிடும். ஒருத்தர் முன்னும் ஒருத்தர் பின்னுமாக இழுத்தால் எந்த நொடியிலும் 60, 90-ஐத் தாண்டாது, நாலு பேரும் களைத்துப் போவார்கள், பாரம் அங்கேயே இருக்கும். அந்தப் பாட்டு நாலு விசையையும் ஒரே நொடியில் சேர்க்கிறது.

சரி, 90 கிலோவுக்கு ஏன் 40? 40-ஐ 90-ஆல் வகுத்தால் 0.44. இதுதான் உராய்வுக் குணகம். இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று எப்படிப் பழகுகின்றன என்பதற்கான எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர் லியனார்டோ டா வின்சி. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய குறிப்பேடுகளில் ஒரே கட்டையைப் படுக்க வைத்தும் நிமிர்த்தி வைத்தும் இழுத்துப் பார்க்கும் படங்கள் இருக்கின்றன. எடையை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கிறது, ஆனால் தரையைத் தொடும் பரப்பு பெரிதானாலும் சிறிதானாலும் உராய்வு மாறவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் வெளியிடாமலே விட்டுவிட்டார். இருநூறு வருடம் கழித்து, 1699-இல், பிரான்சின் அமோந்தோன் இதையே மறுபடியும் கண்டுபிடித்து அங்குள்ள அறிவியல் கழகத்தில் சொன்னார். அடுத்து வந்தவர் கூலோம், மின்னூட்ட விதியில் நாம் படித்த அதே கூலோம். ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் தளத்தில் பெரிய பாரங்களை வைத்துச் சோதனைகள் செய்து 1785-இல் வெளியிட்டார். கப்பலைத் தண்ணீரில் இறக்குவதே ஒரு மாபெரும் பாரத்தை இழுக்கும் வேலைதான், அதனால் அவர் கேள்விகள் எல்லாம் நேரடியாக வேலையிலிருந்து வந்தவை.

பரப்பு பொருட்டில்லை என்பதை என் மனம் ரொம்ப நாள் ஏற்கவில்லை. அகலமான பொருள் அதிகமாகத் தொடுகிறது, அதிகமாக உராய வேண்டாமா? அதனால் தராசை ஒரு செங்கலில் மாட்டிப் பார்த்தேன். படுக்க வைத்து ஒரு தடவை, பக்கவாட்டில் நிறுத்தி ஒரு தடவை, குத்துக்கல்லாக நிறுத்தி அடியில் கயிறு கட்டி ஒரு தடவை. மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே எண். இதன் விடை 1930-களின் இறுதியிலிருந்து கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் செய்த ஆய்வில் இருக்கிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் எந்தப் பரப்பும் நெருங்கிப் போனால் மலையும் பள்ளமும்தான். ஒரு மலைத்தொடரைக் கவிழ்த்து இன்னொரு மலைத்தொடர்மேல் வைத்தால் உச்சிகள் மட்டும்தானே தொடும், அப்படித்தான் பீரோவின் காலும் தரையும். அந்த உச்சிகள் பாரத்தைத் தாங்க முடியாமல் நசுங்குகின்றன, பாரத்தைத் தாங்கும் அளவுக்குத் தொடுபரப்பு வந்ததும் நசுங்குவது நின்றுவிடுகிறது. ஆக, உண்மையான தொடுபரப்பை முடிவு செய்வது பாரமும் பொருளின் கடினத்தன்மையும்தான், நம் கண்ணுக்குத் தெரியும் அகலம் இல்லை.

அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மென் எஃகு தட்டின்மேல் 100 கிலோ எஃகுப் பொருள் ஒன்று நின்றால், உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு மொத்தமாகச் சேர்த்து ஒரு சதுர மில்லிமீட்டர்கூட வராது. ஒரு பென்சில் முனை அளவு. அந்தத் துளியூண்டு இடத்தில் உலோகமும் உலோகமும் அழுந்திக் கிட்டத்தட்ட ஒட்டிக்கொள்கின்றன, அந்த ஒட்டுகளை அறுப்பதுதான் நாம் 'டக்' என்று கேட்பது. நேரம் போகப் போக அந்த ஒட்டுகள் மெல்ல வளர்கின்றன. அசையாமல் நின்ற பொருளை நகர்த்துவது நிற்கும் நேரத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாகிறது என்பதைக் கூலோமே கவனித்து எழுதியிருக்கிறார். வருடக்கணக்கில் நின்ற பீரோவைப் பார்த்து "தரையோட ஒட்டிக்கிச்சு" என்று தம்பி சொன்னது வெறும் பேச்சு இல்லை.

(ரப்பர் இந்த விதிக்கு முழுசாக அடங்காது. ரப்பர் நசுங்கி நீளும் விதமே வேறு, அதனால் டயர்களுக்கு அகலம் பொருட்டாகிறது. பசை நாடாவும் அப்படித்தான்.)

இப்போது என் கால் வழுக்கிய கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் பலரும் யோசிப்பதில்லை. பீரோவை நான் 40 கிலோ விசையில் தள்ளினால் பீரோவும் என்னை 40 கிலோ விசையில் பின்னால் தள்ளுகிறது. என்னைப் பிடித்து நிறுத்துவது என் பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டும்தான். என் எடை 65. தூசி படிந்த தரையில் வெறுங்காலின் குணகம் 0.5 என்று வைத்தால் எனக்குக் கிடைக்கும் பிடி 32 கிலோ. 40 தேவைப்படும் இடத்தில் 32! புஜத்தில் எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை, கால்தான் முதலில் போகும். நல்ல ரப்பர் அடி உள்ள செருப்பைப் போட்டு, தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் குணகம் 0.8 வரை போகும், பிடி 52 கிலோ. காலுறை போட்டுக்கொண்டு தள்ள வருகிறவரை தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள், அவரால் உதவ முடியாது, விழுந்து அடிபடத்தான் வாய்ப்பு அதிகம். இழுக்கிறவன் காலுக்கடியில் உராய்வு வேண்டும், இழுபடுகிறதின் அடியில் வேண்டாம். தண்டவாளத்தில் ஓடும் ரயில் எஞ்சினில் மணல் பெட்டி வைத்திருப்பது இதற்குத்தான். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் லேசாக உருளும், அதே காரணத்தால் எஞ்சினின் சக்கரம் பிடியில்லாமல் சுழன்றும் விடும், அப்போது சக்கரத்துக்கு முன்னால் மட்டும் மணலைத் தூவுவார்கள்.

எந்தக் கோணத்தில் விசையைக் கொடுக்கிறோம் என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 60 கிலோ பெட்டி, குணகம் 0.4. தரைக்கு இணையாக இழுத்தால் 24 கிலோ வேண்டும். இதையே மேலிருந்து குனிந்து, கைகள் 30 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி தள்ளினால்? நம் விசையில் பாதி பெட்டியைத் தரையோடு அழுத்துவதில் போகிறது, பெட்டி அந்த அளவுக்குக் கனமாகிவிடுகிறது. தேவைப்படும் விசை 36 கிலோ. கயிற்றைக் கட்டி 30 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால், பாரத்தில் கொஞ்சத்தைக் கயிறே தூக்கிக்கொள்கிறது, வெறும் 22.5 கிலோ போதும். அதே பெட்டி, அதே தரை, அதே ஆள். 36-க்கும் 22.5-க்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! இன்னும் ஒன்று. கயிற்றை மேல்நோக்கி இழுக்கும்போது அது நம்மைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, நம் காலின் பிடி கூடுகிறது. கீழ்நோக்கித் தள்ளும்போது நம் உடல் மேலே எழும்பப் பார்க்கிறது, காலின் பிடி குறைகிறது. ஒரே செயலில் இரண்டு லாபம் அல்லது இரண்டு நட்டம். கைகளை மேலும் மேலும் செங்குத்தாக்கிக்கொண்டே போனால், இந்தப் பெட்டிக்கு 68 டிகிரி தாண்டியதும், யானையே வந்து தள்ளினாலும் நகராது. கொடுக்கிற விசையைவிட அதனால் கூடும் உராய்வு பெரிதாகிவிடும்.

பீரோ சாயப் பார்த்ததற்கும் கணக்கு இருக்கிறது. 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள பீரோ, 0.44 குணகம். முன்னிருந்து பின்னாகத் தள்ளினால், தரையிலிருந்து சுமார் 51 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே கை வைத்தால் அது வழுக்கும், அதற்கு மேலே வைத்தால் வழுக்குவதற்கு முன்னால் கவிழ ஆரம்பிக்கும். அதாவது முழங்கால் உயரம்! யாராவது முழங்கால் உயரத்தில் கை வைத்துப் பீரோ தள்ளுவார்களா? நாம் எல்லாரும் நெஞ்சு உயரத்தில்தான் வைக்கிறோம். பக்கவாட்டில் 90 சென்டிமீட்டர் அகலம் இருப்பதால் அந்தத் திசையில் இடுப்பு உயரம் வரை பயமில்லை. ஆகவே உயரமான பொருளை எப்போதும் அகலவாக்கில் நகர்த்துங்கள், குனிந்து கீழே தள்ளுங்கள். பீரோ சாய்ந்து ஆள் அடிபடுவது நிஜமாகவே நடக்கிற விஷயம்.

எங்கள் பீரோவுக்கு அப்பா சொன்ன வழி எளியது. நான் ஒரு கடப்பாரையால் ஒரு பக்கத்தை இரண்டு விரல்கடை நெம்ப, தம்பி பழைய கம்பளிப் போர்வையை நாலாக மடித்துக் கால்களுக்கு அடியில் நுழைத்தான். மறுபக்கமும் அப்படியே. கயிறு கட்டித் தராசை மாட்டினால் 18 கிலோவில் நகர்ந்தது. 40 போய் 18. பீரோ நின்ற இடத்தில் நாலு வட்டத் தடம் இருந்தது, உள்ளே தூசியும் பெயின்ட் துணுக்கும் அழுந்தி மெழுகு மாதிரி இறுகிப்போயிருந்தன. நகத்தால் சுரண்டினேன், செதில் செதிலாக வந்தது. அப்பா பார்க்கச் சொன்னது இதைத்தான்.

பெரிய பாரங்களை நகர்த்திய எல்லாருமே தரையைத்தான் மாற்றியிருக்கிறார்கள். எகிப்தில் ஜெஹுதிஹோதெப் என்பவரின் கல்லறைச் சுவரில், சுமார் 3900 வருடம் பழைய ஓவியம் ஒன்று. பிரம்மாண்டமான சிலை ஒன்றைச் சறுக்குப் பலகையில் ஏற்றி 172 பேர் கயிறு கட்டி இழுக்கிறார்கள், பலகையின் முன்பகுதியில் நின்று ஒருவர் தரையில் தண்ணீர் ஊற்றுகிறார். அதை ஏதோ சடங்கு என்றே பலர் ரொம்ப காலம் நினைத்தார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் மணலில் ஒரு சின்னப் பலகையை இழுத்துப் பார்த்தார்கள். காய்ந்த மணல் பலகைக்கு முன்னால் குவியலாகச் சேர்ந்து வழி மறிக்கிறது. சரியான அளவு ஈரமிருந்தால் மணல் துகள்களை நீர் ஒன்றோடொன்று பிணைக்கிறது, தரை இறுகுகிறது, குவியல் சேர்வதில்லை, இழுக்கும் விசை பாதியாகக் குறைகிறது. தண்ணீர் அதிகமானால் மறுபடி ஏறிவிடுகிறது. அந்த அளவு தெரிந்த ஒருவர் அந்தப் பலகையின் முன்பகுதியில் நின்றிருக்கிறார், அவரையும் மறக்காமல் வரைந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மனநிறைவாக இருக்கிறது.

சீனாவில் 1557-இல் பெய்ஜிங் அரண்மனைக்காக 123 டன் கல் ஒன்றைக் குளிர்காலத்தில் பனிக்கட்டிப் பாதையில் 28 நாள் இழுத்துப் போயிருக்கிறார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, பனிக்கட்டிமேல் தண்ணீரும் ஊற்றினால் அதற்கு 50 பேருக்கும் குறைவாகவே போதும், வெறுந்தரையில் என்றால் 1500-க்கு மேல் வேண்டும். ரஷ்யாவில் 1769-70 குளிர்காலத்தில் 1250 டன் இருக்கும் என்று சொல்லப்படும் பாறையை, உறைந்து இறுகிய நிலத்தில் வெண்கல உருண்டைகள்மேல் ஏற்றி, சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஃபின்லாந்து வளைகுடாக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். இழுத்தது முழுக்க மனிதர்கள். கிட்டத்தட்ட பந்துத் தாங்கி என்று நாம் இன்று சொல்லும் அதே யோசனை. சறுக்குவதை உருள்வதாக மாற்றிவிட்டால் எண் சடாரென்று விழுகிறது. தார்ச்சாலையில் கார் டயருக்கு 0.015 அளவில், தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்துக்கு 0.002 அளவில். பழுதாகி நின்ற ஆயிரம் கிலோ காரை ஒருவர் தனியாகத் தள்ளிவிட முடிகிறது, அதற்கு 15 கிலோ போதும். அவரால்தான் 90 கிலோ பீரோவை அசைக்க முடியவில்லை.

கடைசியாக ஒரு பழமொழி. 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.' விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் எல்லாரும் சொல்வோம். ஆனால் எல்லைக்குக் கீழே எத்தனை நாள் தள்ளினாலும் நகராது என்று மேலே எழுதினேனே, அப்படியானால் இந்தப் பழமொழி தப்பா? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25 கிலோ கல், குணகம் 0.5, நகர 12.5 கிலோ வேண்டும். ஒரு கிலோ சுத்தியலை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசி அடித்தால், அது நிற்கும் ஆயிரத்தில் இரண்டு நொடிக்குள் தரும் விசை ஏறக்குறைய 250 கிலோ. எல்லை எப்போதோ தாண்டியாயிற்று. அந்த அடியில் கல் சட்டென்று கிளம்பி, உராய்வு பிடித்து நிறுத்துவதற்குள் கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் போய்விடுகிறது. பழமொழி 'தள்ளிக்கொண்டே இருந்தால்' என்று சொல்லவில்லை, 'அடித்தால்' என்கிறது. சொல் அவ்வளவு சரியாக இருக்கிறது.

கணக்கை நம்பி விட்டுவிட மனமில்லை. கொல்லையில் துணி துவைக்கும் கருங்கல் ஒன்று, ஏறக்குறைய அந்த எடைதான். சிமென்ட் தரையில் அதன் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கல் உடையாமலிருக்க ஒரு மரத்துண்டை அணைத்துப் பிடித்து, தம்பி அதன்மேல் சுத்தியலால் அடித்தான். முதல் அடியில் கோட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி தெரிந்தது, குனிந்து பார்த்தால்தான் தெரியும். பத்தாவது அடி முடிந்து அளவுகோலை வைத்தபோது மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மரத்துண்டு கொஞ்சம் வாங்கிக்கொண்டிருக்கும். "இன்னொரு பத்து அடிக்கட்டுமா அண்ணா?" என்று அவன் கேட்டான், நான் அதற்குள் அடுத்த கோட்டைப் போட ஆரம்பித்திருந்தேன்.